பறக்கும் மெர்குரி சிலை நகல்: இது வெண்கலம்தானா? ஆடும் கணுக்காலை எப்படிச் சரிசெய்வது?

கல்மண்டபம் கேட்டது:

மறுமலர்ச்சிக் காலச் சிற்பி ஜாம்போலோன்யாவின் ‘பறக்கும் மெர்குரி’ (ரோமானியரின் தேவதூதன்) சிலையின் நகல் ஒன்று. பாதத்திலிருந்து சுட்டுவிரல் நுனி வரை 58 செ.மீ. அடியில் 12 செ.மீ. விட்டமும் 2.5 செ.மீ. கனமும் உள்ள கறுப்புப் பளிங்கு வட்டம். பளிங்கோடு சேர்த்து மொத்த எடை 3.6 கிலோ. கரும்பழுப்பு நிறம், மேடான இடங்களில் செம்பொன் போலத் தேய்ந்திருக்கிறது. மெர்குரியின் காலடியில் இருக்கும், வாயால் ஊதும் காற்றுத் தேவன் தலைக்குப் பின்னால் பிரெஞ்சு மொழியில் சிற்பியின் பெயர் பொறித்திருக்கிறது. ‘பழைய பிரெஞ்சு வெண்கலம்’ என்று சொல்லி விற்கப்பட்ட பொருள்.

மூன்று சந்தேகங்கள். இது உண்மையில் உருக்கி வார்த்த வெண்கலமா, ரெசினில் (இறுகும் செயற்கைப் பிசின்) வெண்கலத் தூள் கலந்து அச்செடுத்ததா? சிலையை லேசாகத் தட்டினால் இடது கணுக்காலில் ஆடுகிறது. அதைப் பற்றவைக்கலாமா? தொப்பியின் விளிம்பிலும் விரல் இடுக்கிலும் பச்சையாகக் களிம்பு, சில இடங்களில் கூடவே வெள்ளைப் பொடி. புளி போட்டுத் தேய்க்கலாமா? இன்னும் எதையும் கழற்றவில்லை, துடைக்கவும் இல்லை.

மெழுகச்சு பதில்:

துடைக்காமல் வைத்திருப்பது மிக நல்லது. பொருள் என்னவென்று தெரியும் வரை அப்படியே இருக்கட்டும்.

முதலில் எடை. பளிங்கின் கனஅளவு சுமார் 283 கன செ.மீ. பளிங்கின் அடர்த்தி 2.7. ஆக பளிங்கு மட்டும் 760 கிராம். சிலைக்கு மிஞ்சுவது ஏறத்தாழ 2.8 கிலோ. இந்த உயரத்தில் 4 மி.மீ. சுவரோடு உள்ளே பொள்ளலாக வார்த்த வெண்கல மெர்குரி நாலரை கிலோவுக்குக் குறையாது. சுவர் 3 மி.மீ. என்றாலும் மூன்றரை கிலோ வரும். எனவே வெண்கலம் என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஆனால் எடையை வைத்து ரெசின் என்றும் முடிவு கட்ட முடியாது. உள்ளே நிறைத்து அச்செடுத்த ரெசினும் இதே எடைதான் வரும், மெல்லிய சுவருள்ள துத்தநாக வார்ப்பும் இதே எடைதான் வரும்.

நம் ஊரில் கையில் தூக்கிப் பார்த்து ‘கனமில்லையே, போலி’ என்று சொல்லிவிடுகிறோம். உற்சவ மூர்த்திகள் உள்ளே நிறைந்த கட்டி வார்ப்பு என்பதால் நம் கை அந்தக் கனத்துக்குப் பழகியிருக்கிறது. மறுமலர்ச்சிக் கால இத்தாலிய வெண்கலங்கள் பெரும்பாலும் உள்ளே களிமண் கரு வைத்து வார்த்த பொள்ளல் சிலைகள். அவற்றின் நகல்களும் அப்படித்தான். கனம் குறைவு என்பதே குற்றமாகாது.

அடியைப் பாருங்கள். சிலையைப் படுக்கவைத்து (மடித்த கம்பளியின் மேல், உயர்த்திய வலது காலுக்கும் வலது கைக்கும் எந்த அழுத்தமும் வராமல்) பளிங்கின் அடியில் ஒட்டியிருக்கும் ஃபெல்ட் துணியை உரித்தால் மரை போட்ட கம்பியும் நட்டும் தெரியும். நட்டைக் கழற்றிப் பளிங்கை எடுத்தால் காற்றுத் தலையின் உட்புறம் தெரியும். வெண்கலம் என்றால் சொரசொரப்பான உட்சுவர், ஒட்டிக்கொண்டிருக்கும் கருமண் (கருவாக வைத்த களிமண்), ஓர் ஓரத்தைச் சுரண்டினால் செம்மஞ்சள் உலோகம். ரெசின் என்றால் நிறைந்த அடிப்பகுதி, காற்றுக் குமிழிகள், சுரண்டினால் பழுப்புத் தூள். ரெசினிலும் மேல்தோல் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு நிஜ வெண்கலத் தூள்தான். தேய்த்தால் பளபளக்கும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஆழமாகச் சுரண்டுங்கள், ஆனால் அடியில் மட்டும்.

பிரெஞ்சுப் பெயர் எதையும் நிரூபிக்காது. மூலச்சிலை 1580 வாக்கில் உரோமின் வில்லா மெடிச்சிக்காக வார்க்கப்பட்டது, சுமார் 1.8 மீட்டர் உயரம், இப்போது ஃபிளாரன்சின் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஜாம்போலோன்யாவின் பட்டறையே சிறு மெர்குரிகளைச் செய்தது. பெயரைப் பிரெஞ்சு வடிவில் பொறித்தவை பிற்காலச் சந்தைக்கானவை. 1836 இல் அஷில் கொலா சிற்பங்களைச் சிறிதாக்கும் இயந்திரத்தை உருவாக்கினார், 1838 இல் ஃபெர்தினான் பார்பெதியனோடு சேர்ந்து நிறுவனம் தொடங்கினார். அதன் பிறகு புகழ்பெற்ற சிலைகளின் சிறுபடிகள் பாரிசிலிருந்து ஏராளமாக வெளிவந்தன. அந்த நிறுவனத்தின் வட்ட முத்திரையையே அச்சோடு சேர்த்து நகலெடுத்த ரெசின் சிலைகளும் உண்டு. உளியால் வெட்டிய எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்கும். அச்சில் வந்த எழுத்து சோப்பில் பதிந்தது மாதிரி மழுங்கியிருக்கும். லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

உலைமுகம் பதில்:

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். சோதனைகளைப் பற்றிச் சில எச்சரிக்கைகள்.

காந்தம்: பலரும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். வெண்கலமும் ஒட்டாது, துத்தநாகமும் ஒட்டாது, ரெசினும் ஒட்டாது. எனவே காந்தம் பொருளைக் காட்டிக்கொடுக்காது. ஆனால் இந்தச் சிலைக்கு வேறு விதத்தில் பயன்படும். ஒரு சிறிய நியோடிமியம் காந்தத்தை நூலில் கட்டி இடது பாதத்திலிருந்து கெண்டைக்கால் வரை மெல்ல நகர்த்துங்கள். எங்கே இழுக்கிறதோ அதுவரை உள்ளே இரும்புக் கம்பி ஓடுகிறது. கணுக்கால் பழுதுக்கு இந்த நீளம் தெரிந்தே ஆக வேண்டும். எவர்சில்வர் கம்பி என்றால் அநேகமாக இழுக்காது.

ஓசை: விரல் நகத்தால் தொடையில் தட்டினால் வெண்கலம் கணீரென்று சொல்லும் என்பார்கள். உள்ளே கருமண் எடுக்காமல் விட்டிருந்தால் நல்ல வெண்கலமும் மந்தமாகத்தான் ஒலிக்கும்.

கையிலிருக்கும் பாம்புக் கோலைக் கழற்றி அதைச் சோதித்து முடிவு செய்யாதீர்கள். ரெசின் சிலைக்குக்கூடக் கோலைப் பித்தளையில்தான் செய்வார்கள், ஏனென்றால் அவ்வளவு மெல்லிய ரெசின் ஒடிந்துவிடும்.

பொருளை உறுதியாகத் தெரிந்துகொள்ள, தங்கம் சோதிக்கும் இடங்களிலுள்ள எக்ஸ்ரே கருவி உதவும். செம்பு, வெள்ளீயம், துத்தநாகம், காரீயம் நான்கையும் காட்டும் அமைப்பில் வைக்கச் சொல்லுங்கள். மேற்பரப்பில் வைத்தால் பூச்சைத்தான் படிக்கும். அடியில் சுரண்டிய இடத்தில் வைக்க வேண்டும். செம்பு 85, மற்ற மூன்றும் 5, 5, 5 என்று வந்தால் உலகமெங்கும் சிலை வார்க்கப் பயன்படும் பழகிய கலவை. செம்பு 95 அளவுக்கு வந்து ஈயம் எதுவும் இல்லையென்றால் சிலிக்கான் வெண்கலமாக இருக்கலாம், அப்படியானால் 20 ஆம் நூற்றாண்டு வார்ப்பு.

இனி கணுக்கால். இந்தச் சிலையின் பலவீனம் அதன் அழகிலேயே இருக்கிறது. மேற்குக் காற்றான செஃபிர் ஊதும் மூச்சின் மேல் ஒற்றைக் கால்விரல்களால் நிற்கிறான் தேவதூதன். பின்னால் தூக்கிய வலது கால், மேலே நீட்டிய வலது கை, கோல் ஏந்திய இடது கை எல்லாம் ஒன்றையொன்று ஈடுகட்டி மொத்தப் பாரமும் அந்த விரல்களுக்கு நேர் மேலே விழும்படி மூலச்சிற்பி வைத்திருக்கிறார். நகலெடுக்கும்போது மெழுகுக் கால் இரண்டு டிகிரி சாய்ந்தாலும் பாரம் நகர்ந்துவிடும். பிறகு கணுக்கால் பாரத்தைத் தாங்குவதோடு வளைவையும் எதிர்க்க வேண்டியிருக்கும். வருடக்கணக்கில் தூசி தட்டும்போதெல்லாம் ஆடி ஆடி அங்கேதான் விரிசல் விடும்.

ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். ஒரு கையால் காற்றுத் தலையை அழுத்திப் பிடித்து, மறு கையால் முழங்காலுக்குக் கீழே பிடித்து மெல்ல அசையுங்கள். தலையும் சேர்ந்து அசைந்தால் அடி நட்டு தளர்ந்திருக்கிறது, ஐந்து நிமிட வேலை. பாதத்துக்கும் மூச்சுத் தூணுக்கும் நடுவே அசைந்தால் இணைப்பு விட்டிருக்கிறது. கணுக்காலிலேயே மயிரிழைக் கோடு திறந்து மூடினால் விரிசல்.

வெண்கலம் என்று உறுதியானால் டிக் வெல்டிங்கில் (மின்வில்லின் சூட்டில் பற்றவைக்கும் முறை) சிலிக்கான் வெண்கலக் கம்பியால் பற்றவைக்கலாம். வேறு எதுவானாலும் நெருப்பு அருகில் போகக் கூடாது.

பசுங்களிம்பு பதில்:

புளி வேண்டாம். எலுமிச்சை, வினிகர், பாத்திரம் துலக்கும் பொடி எதுவும் வேண்டாம். குத்துவிளக்குக்குப் புளி சரி, அதன் அழகே பளபளப்புதான். சிலையின் நிறம் வேண்டுமென்றே ஏற்றப்பட்ட பூச்சு. புளியின் அமிலம் அதை அரைமணியில் கரைத்துவிடும். உப்பும் சேர்த்துத் தேய்த்தால் இன்னும் மோசம். குளோரைடு நுண்துளைகளுக்குள் போய் உட்கார்ந்து, பின்னாளில் ஈரக்காற்று பட்டதும் உள்ளிருந்து அரிக்க ஆரம்பிக்கும்.

பச்சை எல்லாம் ஒன்றல்ல. கருநிறமாக, இறுகி, நகத்தால் சுரண்டினால் வராத பச்சை நிலையானது, அதை விட்டுவிடலாம். வெளிறிய பச்சையாக, மாவு போல உதிர்ந்து, சிறு சிறு குழிகளில் கொப்பளித்து நிற்பது குளோரைடு நோய். இடுக்குகளில் மெழுகு மாதிரிப் பிசுபிசுப்பது எண்ணெயும் செம்பும் சேர்ந்த சோப்பு, பழைய பாலிஷின் மிச்சம். பல்குத்தும் குச்சியால் ஒரு புள்ளியை எடுத்துவிட்டு, சிலையை மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் ஈரப்பஞ்சோடு (சிலையில் படாமல்) ஒரு நாள் வையுங்கள். அதே இடத்தில் மறுபடியும் வெளிர்பச்சை பூத்தால் நோய் உயிரோடு இருக்கிறது.

ஆனால் இந்தச் சோதனையை இப்போதே செய்ய வேண்டாம் என்பேன். நீங்கள் சொன்ன வெள்ளைப் பொடிதான் எனக்கு உறுத்துகிறது. வெண்கலம் அரித்து வெள்ளைப் பொடி வருவது அரிது. ரெசினில் வரவே வராது. துத்தநாகம் அரித்தால்தான் வெள்ளை. துத்தநாக வார்ப்பின் மேல் செம்பு முலாம் பூசி நிறமேற்றியிருந்தால் பச்சையும் வெள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். பச்சை முலாமிலிருந்து, வெள்ளை உள்ளிருந்து. அப்படியானால் ஈரம் காட்டுவதே கேடு. முதலில் அடியைத் திறந்து பாருங்கள்.

கல்மண்டபம் பதில்:

அடியைத் திறந்தாயிற்று. ஃபெல்ட்டுக்குக் கீழே துருப்பிடித்த இரும்பு நட்டு. தலையின் உட்புறம் வழவழப்பான சாம்பல் நிறம், கருமண் இல்லை, சுவர் இரண்டரை மி.மீ. இருக்கும். ஊசியால் சுரண்டிய இடம் வெள்ளி போல மின்னுகிறது. காந்தம் பாதத்திலிருந்து கணுக்காலுக்கு மேல் 3 செ.மீ. வரை இழுக்கிறது. ஆட்டம் கணுக்காலில்தான். பின்புறம் முக்கால் சுற்றுக்கு விரிசல், அதிலிருந்து செம்பழுப்புக் கறை கசிந்திருக்கிறது. கணுக்கால் வெளிவிட்டம் 19 மி.மீ.

மெழுகச்சு பதில்:

சந்தேகமே இல்லை, துத்தநாகம். உருகிய துத்தநாகத்தை உலோக அச்சில் ஊற்றி, ஓரத்தில் உறைந்ததும் நடுவிலிருப்பதைத் திரும்பக் கவிழ்த்துவிடுவார்கள். அதனால்தான் உட்புறம் வழவழப்பு. கை, கால், உடம்பு எல்லாம் தனித்தனியாக வார்த்து ஈயப்பற்றில் இணைத்திருப்பார்கள். அக்குள், இடுப்புத் துணி, கழுத்து ஆகிய இடங்களில் பார்த்தால் இணைப்புக் கோடு கிடைக்கும்.

வெண்கலம் இல்லை என்பதால் இது குப்பை ஆகிவிடாது. 1830களில் பெர்லினில் மோரிட்ஸ் கைஸ் துத்தநாகச் சிலைகளைத் தொழிலாகவே வளர்த்தார். மின்முலாம் வந்தபின் நடுத்தர வீடுகளின் மேசைக்குப் புராணச் சிற்பங்கள் போய்ச் சேர்ந்தது இந்த வழியில்தான். வெண்கல விலை மட்டும் இதற்குக் கொடுக்கக் கூடாது. அதேபோல, வெண்கலத்துக்கான சிகிச்சையும் இதற்குக் கொடுக்கக் கூடாது.

உலைமுகம் பதில்:

பற்றவைப்பது முடியாது. துத்தநாகம் 419 டிகிரியில் உருகும். டிக் வெல்டிங் சூடு பட்டதும் கணுக்கால் இருந்த இடத்தில் துளைதான் மிஞ்சும், புகையும் உடம்புக்குக் கெடுதல். ஈயப்பற்று கோட்பாட்டில் சாத்தியம். ஆனால் விரிசலின் இரு உதடுகளும் துருவும் பழைய அரிப்பும் ஏறி அழுக்காக இருப்பதால் பிடிக்காது, முலாமும் கருகும்.

விரிசலின் காரணம் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி. ஈரம் போன இடத்தில் இரும்பும் துத்தநாகமும் தொட்டுக்கொண்டிருந்தால் துத்தநாகம்தான் முதலில் கரையும். சுவர் மெலிந்து போன பிறகு இரும்பும் துருப்பிடித்து உப்பி, மெலிந்த சுவரை உள்ளிருந்து பிளக்கிறது. எனவே விரிசலை வெளியே பசை தடவி மூடுவதில் பயனில்லை. கம்பியை மாற்ற வேண்டும்.

செய்முறை: விரிசல் முக்கால் சுற்று போய்விட்டதால் மீதிக் கால் சுற்றையும் கவனமாகப் பிரித்துவிடுவதே நல்லது. நகைக்காரர்களின் மெல்லிய இரம்பத்தால் விரிசல் கோட்டையே பின்பற்றி அறுங்கள். நேர்கோட்டில் அறுத்தால் திரும்பச் சேர்க்கும்போது பொருந்தாது. அறுக்கும் முன் கெண்டைக்காலிலும் பாதத்திலும் முகமூடி நாடா ஒட்டி, அதன் மேல் நேராக இரண்டு கோடு போட்டுக்கொள்ளுங்கள். சேர்க்கும்போது கோணம் மாறாமல் இருக்க அந்தக் கோடுதான் துணை. துருக்கம்பி எளிதில் வராவிட்டால் சுத்தியலால் தட்ட வேண்டாம், துத்தநாகம் நொறுங்கும். கம்பியை உள்ளேயே சிறிய துரப்பணத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து எடுங்கள்.

புதுக்கம்பி 5 மி.மீ. எவர்சில்வர், 304 தரம் போதும். கணுக்காலுக்கு மேல் குறைந்தது 60 மி.மீ., கீழே பாதம், மூச்சுத் தூண் வழியாகப் பளிங்குக்கு அடியில் நட்டு வரை ஒரே கம்பி. எவர்சில்வரும் துத்தநாகத்தை நேரடியாகத் தொட்டால் அரிக்கும். ஆகையால் கம்பி முழுவதும் எப்பாக்சி பூசி, ஒரு நாள் காயவிட்டு, பிறகே உள்ளே வைக்க வேண்டும். பிறகு மெதுவாக இறுகும் எப்பாக்சியை (ஐந்து நிமிடப் பசை கூடாது, அது ஈரத்திலும் வெப்பத்திலும் இளகும்) உள்ளே நிறைத்து, கம்பியைச் செருகி, கோடுகளைப் பொருத்தி, சிலையைப் படுக்கையாக மணல் பைகளுக்கு நடுவே அணைத்து வையுங்கள். 24 மணிநேரம் அசைக்கக் கூடாது. மூன்று நாளைக்குப் பிறகு நிறுத்தலாம்.

நிறுத்தும்போது பளிங்குக்கும் நட்டுக்கும் இடையே நைலான் வாஷர் போடுங்கள். விரலால் முடிந்தவரை இறுக்கி, பிறகு ஸ்பேனரில் கால் சுற்று. அதற்கு மேல் போனால் பளிங்கு பிளக்கும்.

பசுங்களிம்பு பதில்:

மேற்பரப்புக்கு: வெண்கலத்துக்குச் சொல்லும் பென்சோட்ரயசோல் கரைசல் இங்கே வேண்டாம். அது செம்போடு பிணைந்து காப்பது. இங்கே அரிப்பு நடப்பது முலாமுக்குக் கீழே இருக்கும் துத்தநாகத்தில். தண்ணீரும் சோப்பும்கூட வேண்டாம். துத்தநாகத்தை அமிலமும் காரமும் இரண்டும் அரிக்கும். முலாமில் ஓர் ஊசித்துளை இருந்தாலே போதும், உள்ளே போன ஈரம் துத்தநாகத்தைக் கரைத்து முலாமைக் கொப்பளமாகத் தூக்கும்.

மென்மையான தூரிகையால் தூசி எடுத்துவிட்டு, வெள்ளைப் பொடியையும் பச்சையையும் மூங்கில் குச்சியால் உலர்வாகவே சுரண்டுங்கள். கொப்பளித்த முலாம் மேல் குச்சி படக் கூடாது, அது செதிலாக உரியும். பிறகு பஞ்சுக் குச்சியில் மினரல் டர்பென்டைன் தொட்டு, பஞ்சை உருட்டித் துடையுங்கள், தேய்க்க வேண்டாம். பழைய மெழுகும் பிசுக்கும் அதிலேயே வரும். பஞ்சில் பழுப்பு நிறம் ஏறினால் உடனே நிறுத்துங்கள். நிறப்பூச்சு கரைகிறது என்று அர்த்தம்.

வெள்ளியாகத் தெரியும் இடங்களை மறைக்க, அசிட்டோனில் கரைத்த பேரலாய்டு பி-72 (ஓர் அக்ரிலிக் பிசின்) இல் பழுப்பு, கறுப்பு நிறமிகளைக் குழைத்து மெல்லிய தூரிகையால் புள்ளி புள்ளியாக வையுங்கள். பின்னால் வேண்டாமென்றால் அசிட்டோனிலேயே எடுத்துவிடலாம். வெண்கலப் பவுடர் பெயிண்ட் வேண்டாம். இரண்டு வருடத்தில் அதுவே பச்சையாகும். கணுக்கால் இணைப்புக் கோட்டுக்கும் இதே வழிதான்.

கடைசியாக மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு மெல்லியதாக ஒரு பூச்சு, இருபது நிமிடம் கழித்துப் பருத்தித் துணியால் மெருகு. வருடத்துக்கு ஒரு முறை போதும். கடற்கரை ஊர் என்றால் கண்ணாடிப் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைப்பது உத்தமம். தேக்கு, ஓக் மரப் பெட்டிகளைத் தவிர்க்கவும். ஓக் விடும் அமில ஆவி துத்தநாகத்துக்கு ஆகவே ஆகாது.

ஆற்றுவண்டல் கேட்டது:

இதே சிலையை அச்சாக வைத்துச் சுவாமிமலையில் வெண்கலத்தில் வார்த்துக்கொள்ள முடியுமா? மூலச்சிலை நானூறு வருடத்துக்கு மேற்பட்டது, உரிமைச் சிக்கல் இருக்காது என்று நினைக்கிறேன்.

மெழுகச்சு பதில்:

முடியும். ஆனால் இந்தத் துத்தநாகத்தின் மேல் சிலிக்கோன் அச்சு எடுக்காதீர்கள். ரப்பரை உரிக்கும்போது கொப்பளித்த முலாமும் சேர்ந்து வந்துவிடும். முப்பரிமாண ஸ்கேன் எடுத்து, அச்சிட்டு, அந்த அச்சுப்படியின் மேல் சிலிக்கோன் அச்சு எடுத்து, அதிலிருந்து மெழுகு எடுப்பதே பாதுகாப்பு. அச்சுப்படியையே நேராக மண்ணில் மூட முயல வேண்டாம். மெழுகு வரட்டித் தணலில் உருகி ஓடிவிடும். பிளாஸ்டிக் முழுதாக எரியாமல் கரி மிஞ்சும், அந்த இடமெல்லாம் வார்ப்பில் பள்ளமாகும்.

வெண்கலம் குளிரும்போது ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் சுருங்கும், மெழுகும் கொஞ்சம் சுருங்கும். 58 செ.மீ. வேண்டுமென்றால் அச்சுப்படியை 60 செ.மீ. அளவில் எடுங்கள்.

ஸ்தபதியிடம் முதலிலேயே பேச வேண்டியது பொள்ளல் பற்றி. கட்டியாக வார்த்தால் பதினொரு, பன்னிரண்டு கிலோ அந்த ஒற்றைக் கணுக்காலில் நிற்கும். உடம்பும் தொடைகளும் பொள்ளலாக, 4 மி.மீ. மெழுகுச் சுவரோடு இருக்க வேண்டும். கருமண் உள்ளே நழுவாமல் பிடித்துக்கொள்ளக் குறுக்கு ஆணிகளும், கருவிலிருந்து காற்று வெளியேற வழியும் வேண்டும். இடது காலை மட்டும் முழங்கால் வரை கட்டியாக விடச் சொல்லுங்கள்.

உலைமுகம் பதில்:

கூடவே ஒன்று. மெல்லிய கணுக்கால், இருபுறமும் கனமான தலையும் தொடையும். உலோகம் ஒரே பக்கத்திலிருந்து வந்தால் கணுக்கால் முதலில் உறைந்து, அதற்கு அப்பால் இருக்கும் பாதத்துக்கு உலோகம் போய்ச் சேராது. சேர்ந்தாலும் சுருங்கும்போது சூட்டு விரிசல் விடும். காற்றுத் தலைக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று என இரண்டு ஓடுவழி (உருகிய உலோகம் உள்ளே ஓடும் வழி) வைக்க வேண்டும். வலது கையையும் கோலையும் தனியாக வார்த்து இணைப்பது மேல். நீட்டிய சுட்டுவிரலில் காற்று அடைபட்டால் விரல் பாதிதான் வரும்.

உலோகக் கணக்கு மெழுகிலிருந்து: மெழுகுச் சிலையை எடைபோட்டு ஒன்பதால் பெருக்குங்கள். 520 கிராம் மெழுகு என்றால் 4.7 கிலோ. ஓடுவழிகளுக்கு முப்பது சதவீதம் கூட்டினால் மூசையில் (உலோகம் உருக்கும் பாத்திரம்) ஆறு கிலோவுக்குச் சற்று மேல் இருக்க வேண்டும். ஊற்றுவதை நடுவில் நிறுத்தக் கூடாது என்பதால் ஏழு கிலோ உருக்கச் சொல்லுங்கள்.